வைரசுப் புரதக்கூடு தானே கூடுதலும் அதன் கணினிவழிப் போலச்செய்தலும்: இயங்குவினை – இயக்குவினை நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வைரசின் மரபுப்பொருளைச் சூழ்ந்து நிற்கும் புரதக்கூடு, கட்டுவோர் எவருமின்றித் தானே கூடி அமைகிறது. இந்நிகழ்வைக் கணினியில் போலச்செய்து பார்க்கும் ஆய்வுகள் கடந்த முப்பது ஆண்டுகளாக வளர்ந்து வந்துள்ளன. இவ்வாய்வுகளின் முடிவுகளைத் தமிழில் எழுதும்போது கலைச்சொற்களைவிட வினைச்சொற்களே பெரிதும் இடர் தருகின்றன. ‘கூடு – கூட்டு’, ‘அமைந்தது – அமைத்தது’ என்பன போன்ற இணைகளுள் எதைத் தேர்கிறோம் என்பதைப் பொறுத்தே அறிவியல் செய்தி மெய்யாகவோ பிழையாகவோ ஆகிறது. ஒப்புருவில் ஆய்வாளர் இட்டவற்றுக்கு இயக்குவினையையும், அதிலிருந்து தாமாக எழுந்தவற்றுக்கு இயங்குவினையையும் ஆளுதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புரதக்கூடு, தற்கூடல், போலச்செய்தல், இயங்குவினை, இயக்குவினை, மீள்தன்மை, அறிவியல் தமிழ்.

1. முன்னுரை

அறிவியல் தமிழ் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களை மையமிட்டே நிகழ்ந்துள்ளன. ஒரு பொருளுக்கு எப்பெயர் தகும், அயற்சொல்லை ஏற்பதா ஆக்கச்சொல்லைப் படைப்பதா என்பனவே முதன்மை வினாக்களாக இருந்து வந்துள்ளன. ஆனால் நிகழ்வுகளைச் சொல்லும் பொறுப்பு வினைச்சொற்களுடையது. ஒரு நிகழ்வில் செய்வோர் உண்டா இல்லையா என்பதே அறிவியல் வினாவாக அமையும் இடங்களில், வினையின் தேர்வு நடைசார்ந்த விருப்பமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது பொருளையே முடிவு செய்கிறது. வைரசின் புரதக்கூடு உருவாகும் முறை அத்தகைய இடங்களுள் ஒன்றாகும்.

இக்கட்டுரையில் ஆளப்படும் சில சொற்களை முதற்கண் வரையறுத்தல் தேவை. ‘தீநுண்மி’, ‘நச்சுயிரி’ என்னும் சொற்கள் மதிப்பீட்டைத் தம்முள் கொண்டிருப்பதால் ‘வைரசு’ என்னும் சொல்லே ஆளப்படுகிறது. வைரசின் ‘உறை’ என்னும்போது புரதத்தால் ஆனதும், சில வைரசுகளில் அதற்கு வெளியே அமையும் கொழுமியப் படலமும் ஒன்றோடொன்று மயங்குகின்றன. ஆதலின் முன்னதைப் ‘புரதக்கூடு’ எனவும், பின்னதைக் ‘கொழுமிய உறை’ எனவும் பிரித்து வழங்கலாம். ‘உருவகப்படுத்துதல்’ என்பது இலக்கணத்தார் கூறும் உருவக அணியை நினைவூட்டுகிறது. ‘கணினிப் பாவனை’ என்பது இலங்கைத் தமிழில் கணினியைப் பயன்படுத்துதல் என்றே பொருள்படும். ஆதலின் திறனாய்வுத் துறையில் ஏற்கெனவே வழங்கும் ‘போலச்செய்தல்’ என்னும் சொல் இங்குக் கொள்ளப்படுகிறது. அவ்வாறு செய்யப்பட்டது ‘ஒப்புரு’ எனப்படும்.

2. ஆய்வுச் சிக்கல்

பின்வரும் மூன்று தொடர்களும் ஒரே நிகழ்வைக் குறிப்பனவாக இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்டவை.

அ. செல்லுக்குள் வைரசின் புரதக்கூடு கட்டப்படுகிறது.
ஆ. வைரசு தனக்கொரு புரதக்கூட்டைக் கட்டிக்கொள்கிறது.
இ. புரதங்கள் கூடிப் புரதக்கூடாக அமைகின்றன.

முதல் தொடர் செயப்பாட்டுவினை. செய்வோர் சொல்லப்படவில்லை எனினும் ஒருவர் உளர் என்னும் எண்ணத்தை அது விட்டுச் செல்கிறது; ‘எவரால்?’ என்னும் வினாவுக்கு அங்கு இடமுண்டு. இரண்டாம் தொடரில் ‘கொள்’ என்னும் துணைவினை, செய்பவர் தம் பயன் கருதிச் செய்வதை உணர்த்துகிறது. முழுமை பெறுவதற்கு முன்பே வைரசை ஒரு வினைமுதலாக அது நிறுத்திவிடுகிறது. மூன்றாம் தொடரில் மட்டுமே வினைமுதலும் வினைக்கு உள்ளாவதும் ஒன்றாக உள்ளன. இம்மூன்றுள் எது அறிவியலுக்கு ஒத்தது என்பதை நிகழ்வின் இயல்பை அறிந்தே முடிவு செய்ய இயலும்.

3. இயங்குவினையும் இயக்குவினையும்

திருந்து – திருத்து, கூடு – கூட்டு, பொருந்து – பொருத்து, திரள் – திரட்டு, பிரிந்தது – பிரித்தது, குலைந்தது – குலைத்தது எனத் தமிழில் வினை இணைகள் மிகப் பல. மரபிலக்கணப் பயிற்சியில் இவை தன்வினை, பிறவினை என்னும் தலைப்பில் வைத்துக் கற்பிக்கப்படுகின்றன. கு. பரமசிவம் ‘இக்காலத் தமிழ் மரபு’ என்னும் நூலில் இவற்றை இயங்குவினை, இயக்குவினை என்று வேறுபடுத்தினார். எழுவாய் தானே ஒரு மாற்றத்துக்கு உள்ளாவதை இயங்குவினையும், எழுவாய் பிறிதொன்றை மாற்றத்துக்கு உள்ளாக்குவதை இயக்குவினையும் உணர்த்துகின்றன.

இப்பாகுபாட்டைச் செயப்படுபொருள் குன்றியது, குன்றாதது என்னும் பாகுபாட்டோடு ஒன்றாகக் கருதலாகாது. ‘அவன் ஊரைச் சேர்ந்தான்’ என்பதில் இரண்டாம் வேற்றுமை இருந்தும் மாறுவது எழுவாயே. எனவே இப்பாகுபாடு, மாற்றம் எதன்பால் நிகழ்கிறது என்னும் பொருண்மையைச் சார்ந்தது. தற்கூடல் பற்றிய அறிவியல் வினாவும் இதுவே ஆதலின் இப்பாகுபாடு இங்கு ஆய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

‘கூடு’ என்னும் வடிவம் பெயராகவும் வினையாகவும் வருவது இங்குக் கருதத்தக்கது. எனினும் அவ்விரண்டும் ஒரே வேரின என்னும் சொற்பிறப்புக் கூற்றை இக்கட்டுரை முன்வைக்கவில்லை.

4. தற்கூடல்: நிகழ்வின் இயல்பு

1955இல் ஃபிரேங்கல்-கான்ராட், ராப்லி வில்லியம்ஸ் ஆகிய இருவரும் புகையிலைத் தேமல் வைரசின் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியே பிரித்தெடுத்து மீண்டும் ஒரே கரைசலில் கலந்தனர். தொற்றும் ஆற்றல் உடைய கோல்வடிவ வைரசுகள் மறுபடியும் தோன்றின. அவ்வைரசின் ஒரு கோல் ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமுடையது. அதில் ஒரே வகைப் புரதத்தின் படிகள் ஏறத்தாழ 2,130 உள்ளன. கலந்தவர்கள் ஆய்வாளர்கள், கூடியவை புரதங்கள். ஆய்வாளர் எவரும் ஒரு புரதத்தையேனும் எடுத்து உரிய இடத்தில் பொருத்தவில்லை.

ஒரே வகைப் புரதம் பலமுறை பயன்படுவதற்கான காரணத்தை 1956இல் பிரான்சிஸ் கிரிக்கும் ஜேம்ஸ் வாட்சனும் விளக்கினர். சிறு வைரசின் மரபுப்பொருள் அளவில் குறுகியது. அது பல்வேறு புரதங்களுக்கான குறிப்பைத் தாங்க இயலாது. இன்றைய அறிவின்படி ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்க மூன்று நியூக்ளியோடைடுகள் தேவை. அம்மூன்றின் நிறை, அவை குறிக்கும் அமினோ அமிலத்தின் நிறையைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஆதலின் தன்னையே மூடிக்கொள்ளத்தக்க ஒற்றைப் பெரும்புரதத்தை ஒரு மரபுப்பொருள் குறிக்க வழியில்லை. சிறு புரதம் ஒன்றைக் குறித்து, அதன் பல படிகள் ஒழுங்குறக் கூடுவதே இயலக்கூடிய வழி.

1962இல் டொனால்ட் காஸ்பரும் ஆரோன் குளூக்கும் இவ்வொழுங்கின் வடிவியலை வகுத்தனர். இருபது முக்கோண முகங்களைக் கொண்ட இருபதுமுகியின் சமச்சீரில் 60 புரதங்கள் முற்றிலும் ஒத்த சூழலில் அமையலாம். அதற்கு மேற்பட்டவை ஏறத்தாழ ஒத்த சூழலில் அமையும். மொத்தப் புரத எண்ணிக்கை 60ஐ முக்கோண எண்ணால் பெருக்கக் கிடைக்கும். எதிர்மமல்லாத இரு முழு எண்களின் வர்க்கங்களையும் அவற்றின் பெருக்கற்பலனையும் கூட்ட வருவது முக்கோண எண். 1, 3, 4, 7 என அது செல்லும். தட்டைப்பயற்றைத் தாக்கும் வெளிர்தேமல் வைரசில் முக்கோண எண் 3, புரதங்கள் 180. கல்லீரல் அழற்சி-பி வைரசின் பெரும்பான்மைக் கூடுகளில் முக்கோண எண் 4, புரதங்கள் 240.

வடிவியல், முடிந்த கூட்டின் அமைப்பைச் சொல்கிறது. கூடும் வழியைச் சொல்வதில்லை. பாதி கூடிய நிலைகள் மிகக் குறைந்த நேரமே நிலைப்பதால் அவற்றைச் சோதனையில் காண்பது அரிது. கணினிவழிப் போலச்செய்தலுக்கான தேவை இவ்விடத்தில்தான் எழுகிறது.

5. போலச்செய்தலின் இரு நெறிகள்

5.1 அணுக்கள் அனைத்தையும் கொள்ளும் நெறி

2006இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் ஷுல்டனின் குழுவினர் புகையிலைத் தேமல் துணைவைரசு ஒன்றை முழுமையாகக் கணினியில் போலச்செய்தனர். 60 புரதப் படிகளைக் கொண்ட அவ்வைரசையும் அதைச் சூழ்ந்த நீரையும் சேர்த்து ஏறத்தாழ பத்து இலட்சம் அணுக்கள் கணக்கில் கொள்ளப்பட்டன. ஒவ்வோர் அணுவின்மீதும் செயற்படும் விசையைக் கணித்து, அதனை நுண்ணளவு நகர்த்தி, மீண்டும் கணிப்பதே இந்நெறியின் செயல்முறை. ஒரு படிக்குரிய காலம் ஒரு ஃபெம்டோ நொடி அளவினது. ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கி, அவற்றுள் ஒரு கூற்றை மேலும் நூறு கோடி கூறாக்கினால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ நொடி. அக்குழுவினர் போலச்செய்த காலம் 50 நானோ நொடியைச் சற்றுக் கடந்தது. ஒரு ஃபெம்டோ நொடிப் படி எனக் கொண்டால் அதுவே ஐந்து கோடிப் படிகளாகும்.

அவ்வாய்வில் முழு வைரசு நிலைத்து நின்றது, ஆர்.என்.ஏ. நீக்கப்பட்ட வெற்றுக்கூடு குலைந்தது. 2013இல் இதே நெறியில் எச்.ஐ.வி. வைரசின் கூம்புவடிவக் கூடு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் அணுக்களோடு ஆராயப்பட்டது. எனினும் இவ்விரு ஆய்வுகளும் முன்னரே முடிந்த கூட்டிலிருந்து தொடங்கியவை. புரதக்கூடு கூட நொடிகளோ நிமிடங்களோ ஆகும். ஒரு நொடியை எட்டவே நூறு கோடியைப் பத்து இலட்சத்தால் பெருக்கிய அளவு படிகள் வேண்டும். ஆகவே இந்நெறி கூட்டின் இருப்பையும் குலைவையும் காட்டியதே அன்றிக் கூடுதலைக் காட்டவில்லை. ‘வைரசுக் கூடு உருவாவதைக் கணினி காட்டியது’ என இவ்வாய்வுகளைத் தமிழில் சுருக்கிச் சொல்வது பிழையாகும்.

5.2 எளிமையாக்கிய துகள் நெறி

கூடுதலைக் காண வேண்டுமெனில் அணுநிலை நுணுக்கத்தை விடுத்தாக வேண்டும். இந்நெறியில் ஒரு புரதமோ புரதத் தொகுதியோ ஒற்றைத் துகளாகக் கொள்ளப்படுகிறது. துகளின் வடிவமும், அதன் எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தோடு ஒட்டும் என்பதும், ஒட்டும் வலிமையும் ஆய்வாளரால் வரையறுக்கப்படுகின்றன. 1994இல் பானி பெர்கரும் உடன் ஆய்ந்தோரும், ஒவ்வொரு புரதமும் தன் அண்டையில் இருப்பவற்றை மட்டுமே சார்ந்த விதிகளைப் பின்பற்றினாலும் முழுக்கூடு அமையும் எனக் காட்டினர். முழு வரைபடம் எந்தப் புரதத்திலும் இல்லை என்பது இதன் உட்பொருள். அதே ஆண்டில் ஆடம் ஸ்லாட்னிக், கூடும் வழியை வேதிச் சமநிலைப் படிகளின் தொடராகக் கணக்கிட்டார். 2004இல் டெனிஸ் ராப்பபோர்ட் பன்முகக் கூடுகளாகக் கூடும் துகள்களின் இயக்கத்தை ஆராய்ந்தார். 2006இல் மைக்கேல் ஹேகனும் டேவிட் சாண்ட்லரும் ஒட்டும் வலிமையையும் துகள்களின் செறிவையும் மாற்றி மாற்றி, எவ்வெல்லைக்குள் கூடுகள் முழுமை பெறுகின்றன என்பதைக் கண்டனர்.

6. மீள்தன்மை: எதிர்பாராத முடிவு

துகள்கள் வலுவாக ஒட்டினால் கூடு விரைவில் முடியும் என எண்ணுவது இயல்பு. ஒப்புருக்கள் இதற்கு மாறான முடிவையே தந்தன. ஒட்டும் வலிமை மிகும்போது இரு வகைக் கேடுகள் நேர்கின்றன. ஒன்று, பிழையான கோணத்தில் ஒட்டிய துகள் பிரிய இயலாமல் நின்றுவிட, அதன்மேல் வளர்வன அனைத்தும் நெறிபிறழ்கின்றன. மற்றொன்று, ஒரே நேரத்தில் பல கூடுகள் தொடங்கி, தனித்துகள்கள் தீர்ந்துபோக, எக்கூடும் முடிவதில்லை. விளக்கத்திற்காக 1,000 துகள்களைக் கொள்வோம். ஒரு கூட்டுக்கு 60 துகள்கள் வேண்டுமெனில் 16 கூடுகள் முழுமை பெற இடமுண்டு. ஐம்பது கூடுகள் ஒருங்கே தொடங்கிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 20 துகள்களே கிடைக்கும். பிரிதல் நிகழாவிடில் அந்நிலையிலேயே அனைத்தும் தேங்கும்.

பிணைப்பு மென்மையாக இருப்பின் சிறு தொடக்கங்கள் கலைந்து வளர்ந்தவற்றுக்குத் துகள் தருகின்றன. பிழையாக ஒட்டியவை பிரிந்து மீண்டும் சரியாகச் சேர்கின்றன. கரைப்பான் துகள்களையும் கணக்கில் கொண்ட ராப்பபோர்ட்டின் 2008ஆம் ஆண்டு ஆய்வு, இம்மீள்தன்மையே கூடு முழுமை பெறுவதற்கு அடிப்படை என வலியுறுத்தியது. சோதனைச் சான்றும் இதனோடு ஒத்துள்ளது. கல்லீரல் அழற்சி-பி வைரசின் புரதங்கள் இரட்டைகளாகக் கூடுகின்றன. ஓர் ஒட்டிடத்தின் பிணைப்பாற்றல் மோலுக்கு 3 முதல் 4 கிலோகலோரி அளவினதே என 2002இல் பப்லோ செரசும் ஸ்லாட்னிக்கும் கண்டனர். கார்பன்–கார்பன் வேதிப்பிணைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 80 கிலோகலோரி. 120 இரட்டைகள், ஒவ்வொன்றும் நான்கு அண்டைகளோடு ஒட்டும்போது 240 ஒட்டிடங்கள் அமைகின்றன; தனித்தனியே மெலிந்தவை தொகையால் உறுதி பெறுகின்றன.

‘கட்டு’, ‘அடுக்கு’, ‘கோத்து முடி’ ஆகிய வினைகள் ஒருதிசைச் செயல்களை உணர்த்துவன. அடுக்குபவர் அடுக்கியதைப் பிரிப்பது பிழை நேர்ந்தபோது மட்டுமே. தற்கூடலிலோ பிரிதல் விலக்கன்று. கூடுதலின் இயல்பான பகுதி. ஆகவே ‘புரதங்கள் சேர்ந்தும் பிரிந்தும் கூடுகின்றன’ என்று சொல்வதே இந்நிகழ்வுக்குப் பொருந்தும்.

7. இட்டதும் எழுந்ததும்

இதுகாறும் கூறியவற்றால், எல்லா இடத்தும் இயங்குவினையே தகும் என்னும் முடிவுக்கு வருதல் கூடாது. ‘கணினியில் துகள்கள் தாமே இருபதுமுகிக் கூடாயின’ என்னும் தொடரை நோக்குக. இலக்கணம் செம்மையானது, செய்தியோ பாதியை மறைக்கிறது. 60 துகள்கள் வளைந்து மூடத்தக்க சாய்வைத் துகளின் பக்கங்களில் ஆய்வாளரே அமைத்துள்ளார். எப்பக்கம் எதனோடு ஒட்டும் என்பதையும் அவரே விதித்துள்ளார். எனவே அவ்வொப்புருவில் கூட்டின் வடிவம் இட்டது. முழுமை பெற்ற கூடுகளின் அளவு, அவை கூடிய வரிசை, தேக்கம், மீள்தன்மையின் இன்றியமையாமை ஆகியவையே எழுந்தவை. இட்டதை எழுந்ததாகச் சொல்வது ஒப்புருவுக்கு இல்லாத சான்றாற்றலை ஏற்றுவதாகும்.

தமிழின் வினை இணைகள் இவ்வேறுபாட்டை ஒரே தொடரில் காட்ட வல்லவை: ‘ஆய்வாளர்கள் துகள்களின் பக்கங்களைச் சாய்வாக அமைத்து, ஒட்டும் வலிமையைக் குறைத்தனர், துகள்கள் சேர்ந்து பிரிந்து முழுக்கூடுகளாக அமைந்தன.’ ‘அமைத்து’, ‘குறைத்தனர்’ என்பன இட்டவற்றையும், ‘சேர்ந்து’, ‘பிரிந்து’, ‘அமைந்தன’ என்பன எழுந்தவற்றையும் சுட்டுகின்றன. ‘போலச்செய்தல்’ என்னும் சொல்லில் ‘செய்’ நிற்பதும், அம்முயற்சிக்கு ஒரு வினைமுதல் உண்டு என்பதை மறவாதிருக்கத் துணைசெய்கிறது.

இயற்கையிலும் இடைப்பட்ட நிலைகள் உள்ளன. பி-22 என்னும் பாக்டீரியத் தின்னியின் கூடு அமையும்போது, கட்டடத்துக்குச் சாரம் போல் துணைநின்று பின் வெளியேறும் புரதங்கள் உள்ளன. அவை முதன்மைப் புரதத்தை நெறிப்படுத்துகின்றன எனினும், அவையும் கரைசலில் அலைந்து சேர்பவையே. இங்கு ‘சாரப் புரதம் கூட்டை அமைக்கிறது’ என்பது மிகை. ‘சாரப் புரதத்தின் துணையால் கூடு அமைகிறது’ என்பதே அளவானது.

8. பயன்பாட்டு நோக்கில் வினைத்தேர்வு

இவ்வேறுபாடு மொழியியல் ஆர்வத்தோடு நின்றுவிடுவதன்று. புரதக்கூட்டைக் குறிவைக்கும் மருந்துகளைத் தமிழில் விளக்கும்போது ‘புரதக்கூடு உருவாவதைத் தடுக்கும் மருந்து’ என்னும் தொடரே முதலில் தோன்றும். கல்லீரல் அழற்சி-பி வைரசுக்கு எதிராக ஆராயப்படும் சேர்மங்கள் பலவற்றின் செயல் இதற்கு மாறானது. அவை புரதங்களின் ஒட்டுதலை வலுப்படுத்தி விரைவுபடுத்துகின்றன. அதனால் சிலவற்றில் நெறிபிறழ்ந்த திரள்களும், வேறு சிலவற்றில் மரபுப்பொருள் புகாத வெற்றுக்கூடுகளும் விளைகின்றன. ஒப்புருக்கள் காட்டிய தேக்கமே இங்கு மருந்தின் வழியாகிறது. ‘தடுப்பான்’ என்னும் சொல் இதனை மறைப்பதால் ‘கூடல் திரிப்பான்’ என்னும் ஆக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லெனகாபவிர் என்னும் மருந்தும் எச்.ஐ.வி. புரதங்களுக்கு இடையே அமர்ந்து கூட்டின் அமைவையும் குலைவையும் நெறிபிறழச் செய்வதாகும். ‘மருந்து கூட்டை உடைக்கிறது’ என நோயாளிக்கோ மாணவருக்கோ சொல்வது எளிது. எளிமையின் பொருட்டு மெய்யை இழத்தல் தகாது.

9. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. புரதக்கூடு தோன்றுதல் வினைமுதல் வேறாக இல்லாத நிகழ்வு ஆதலின் அதனைக் கூறச் செயப்பாட்டுவினையும் ‘கொள்’ துணைவினையும் பொருந்தா, இயங்குவினையே பொருந்தும்.

2. பிரிதல் கூடுதலின் உறுப்பாதலின், மீள்தன்மையை உணர்த்தும் வினையடுக்குகள் ஒருதிசை வினைகளைவிடத் தகுதியுடையன.

3. ஒப்புருவைப் பற்றிய உரையில் ஆய்வாளர் இட்டவற்றை இயக்குவினையாலும், எழுந்தவற்றை இயங்குவினையாலும் கூறுதல் அறிவியல் நேர்மைக்கு உதவும்.

4. கலைச்சொல்லாக்கத்தில் பெயர்களோடு, அவற்றோடு வரும் வினைகளையும் பதிவுசெய்தல் வேண்டும். ‘புரதக்கூடு’ என்னும் பதிவின்கீழ் ‘கூடு, அமை, குலை’ ஆகிய வினைகளும் அவற்றின் இயங்கு, இயக்கு வடிவங்களும் இடம்பெறுமாயின் அச்சொல்லை ஆள்வோருக்குத் தெளிவு பிறக்கும்.

புரதம் மடங்குதல், படிகம் வளர்தல், பறவைக் கூட்டம் திரள்தல் எனக் கட்டுவோர் இன்றி ஒழுங்கு தோன்றும் பிற நிகழ்வுகளுக்கும் இந்நோக்கை விரித்துப் பார்க்க இடமுண்டு. அவற்றைச் சொல்வதற்கான இலக்கண வளம் தமிழில் முன்னரே உள்ளது. அதனை அறிந்து ஆளும் பயிற்சியை அறிவியல் தமிழ்ப் பாடத்திட்டங்களில் சேர்ப்பது அடுத்த தேவையாகும்.